வாசலுக்கு வந்த ஆராய்ச்சி

காஞ்சிபுரத்துக்குப் பட்டுப் புடவை எடுக்கப் போகிறவர்கள், கடை வேலை முடிந்ததும் காமாட்சியைத் தரிசித்து, வரதரைச் சேவித்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். பக்கத்திலேயே கூரம் என்று ஒரு சிறிய ஊர் இருப்பது பலருக்கு ஞாபகம் வருவதில்லை. கூரத்தாழ்வான் அவதரித்த ஊர் அது. அந்த மகானைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. உங்களில் பலர் பாட்டி மடியில் கேட்டிருப்பீர்கள்.

ஆழ்வான் பெரிய செல்வந்தர். இருந்த செல்வத்தையெல்லாம் தானம் செய்துவிட்டு, ராமாநுஜரை அடைவதற்காக மனைவி ஆண்டாளோடு ஸ்ரீரங்கத்துக்கு நடந்து புறப்பட்டார். வழியில் காடு, இருட்டு. அந்த அம்மாள், "இங்கே ஏதாவது பயம் உண்டா?" என்று கேட்டாள். "மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? ஏதாவது வைத்திருக்கிறாயா?" என்றார் ஆழ்வான். கணவர் அமுது செய்வதற்காகப் பொன் வட்டில் ஒன்றை மட்டும் அவள் மறைத்து எடுத்து வந்திருந்தாள். அதை வாங்கித் தூர எறிந்துவிட்டு, "இனிப் பயமில்லை, வா" என்று நடந்தாராம்.

இந்த வாரம் நான் எழுத வந்தது பக்தி விஷயம் அல்ல, ஆரோக்கிய விஷயம். நம் உடம்பைப் பற்றியும் நோய்களைப் பற்றியும் ஆராய்ச்சி செய்கிறார்களே, அவர்களுடைய கடமை என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பொன் வட்டில்தான் நினைவுக்கு வந்தது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். காலைச் சமையல் முடிந்து நீங்கள் சற்று உட்காரும் நேரம். வாசலில் இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பை. "அம்மா, சுகாதார ஆராய்ச்சிக்காக வந்திருக்கிறோம். வீட்டில் எத்தனை பேர்? யாருக்காவது இருமல் உண்டா? சர்க்கரை உண்டா?" என்று கேட்டுவிட்டு, கடைசியில், "உங்கள் பெண்ணிடம் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொள்ளலாமா?" என்கிறார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்?

சில வீடுகளில், "அதெல்லாம் வேண்டாம், போங்கள்" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். வேறு சில வீடுகளில் அட்டையில் முத்திரையைப் பார்த்ததுமே, எதற்கு என்றுகூடக் கேட்காமல் எல்லோர் கையையும் நீட்டச் சொல்லிவிடுவார்கள். இரண்டும் சரியில்லை என்பது என் அபிப்பிராயம். ஏன் என்று தெரிய வேண்டுமானால், ஆராய்ச்சி என்றால் என்ன என்பது கொஞ்சம் புரிய வேண்டும்.

சிகிச்சை வேறு, ஆராய்ச்சி வேறு. டாக்டரிடம் போகிறீர்கள், அவர் நாடி பார்த்து மருந்து கொடுக்கிறார். அவர் செய்வதெல்லாம் உங்களுக்கு நல்லது என்று அவருக்குத் தெரிந்தது. ஆராய்ச்சியாளரோ, எது நல்லது என்று இன்னும் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காக உங்களிடம் வருகிறார். அதனால் வரும் பயன் உங்களுக்கே கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். உங்கள் பேத்திக்குக் கிடைக்கலாம். ஆகவே அவர் உங்களிடம் வாங்குவது ஒரு கடன். கடன் வாங்கியவருக்குரிய பொறுப்புகள் எல்லாம் அவருக்கு உண்டு.

அந்தக் கடனை நல்ல முறையில் தீர்த்த ஒரு கதை நம் சென்னைப் பட்டணத்திலேயே நடந்தது.

க்ஷயரோகம் என்றாலே குடும்பம் நடுங்கிய காலம் உண்டு. நோய் கண்டவரை ஸானடோரியத்துக்கு அனுப்ப வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, பூரண ஓய்வு கொடுக்க வேண்டும். மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் அங்கேயே இருக்க வேண்டும். இதுதான் உலகம் முழுவதும் வழக்கம். டாக்டர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் தொடங்கிய ஸானடோரியத்தின் பெயர் இன்றைக்கும் ரெயில்வே ஸ்டேஷன் பெயராக இருக்கிறது. ஆனால் படுக்கைகள் எத்தனை? நோயாளிகள் எத்தனை? லட்சக்கணக்கான பேருக்கு இடமே கிடையாது. இடம் கிடைத்தாலும், கைக்குழந்தையை விட்டுவிட்டு ஒரு தாய் வருஷக்கணக்கில் அங்கே போய்ப் படுத்துக்கொள்ள முடியுமா? வேலைக்குப் போகிற தகப்பன் படுத்துவிட்டால் அடுப்பு எரியுமா?

அப்போது புதிய மாத்திரைகள் வந்திருந்தன. மருந்தைக் கொடுத்து வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியாதா என்று ஒரு கேள்வி எழுந்தது. இதற்கு விடை காண 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தியது அது. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர் முதல் சில வருஷங்களுக்குத் தலைமை வகித்தார்.

ஆராய்ச்சிக்கு 193 நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். பெரும்பாலும் ஏழைகள், நெருக்கடியான வீடுகளில் இருந்தவர்கள். இவர்களில் பாதிப் பேர் ஸானடோரியத்துக்கு, பாதிப் பேர் வீட்டுக்கு. இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம்.

யார் ஸானடோரியம், யார் வீடு என்று எப்படி முடிவு செய்தார்கள் தெரியுமா? டாக்டர்கள் தங்கள் இஷ்டப்படி பிரிக்கவில்லை. பிரித்திருந்தால் மெலிந்தவரைப் பார்த்து இரக்கப்பட்டு ஸானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார்கள், கணக்கு கெட்டுப்போயிருக்கும். சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போன்ற ஒரு முறையில் பிரித்தார்கள். நம் காஞ்சிபுரம் பக்கத்தில் உத்திரமேரூர் இருக்கிறதே, அங்கே பத்தாம் நூற்றாண்டிலேயே ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கக் குடவோலை முறை இருந்தது என்று கல்வெட்டு சொல்கிறது. ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எடுப்பவனுக்கு வேண்டியவன், வேண்டாதவன் என்று யாரும் இல்லை. ஆராய்ச்சியிலும் அதே நியாயம்தான்.

முடிவு என்ன? வீட்டிலிருந்தவர்களுக்குச் சத்துள்ள சாப்பாடு இல்லை, ஓய்வு இல்லை, நல்ல காற்றும் இல்லை. அப்படியிருந்தும் ஸானடோரியத்தில் இருந்தவர்கள் குணமான அளவுக்கு ஏறக்குறைய இவர்களும் குணமானார்கள். நோயைத் தீர்த்தது மருந்துதான் என்று ருசுவாயிற்று. 1959இல் இது பிரசுரமானது. அதன் பிறகு உலகத்தில் பல நாடுகளில் ஸானடோரியங்களுக்கு வேலை குறைந்தது.

ஒரு தாய் இந்தக் கதையைக் கேட்டால் உடனே என்ன கேட்பாள்? "அது சரி, வீட்டிலே வைத்துக்கொண்டால் குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளாதா?" என்று கேட்பாள். கேட்க வேண்டிய கேள்வி. அந்த ஆராய்ச்சியாளர்களும் அதை விட்டுவிடவில்லை. நோயாளி குணமானதோடு கடமை முடிந்தது என்று கோப்பை மூடாமல், அந்த வீடுகளில் கூட இருந்தவர்களை ஐந்து வருஷம் விடாமல் பரிசோதித்துவந்தார்கள். வீட்டிலேயே சிகிச்சை பெற்றதால் குடும்பத்தாருக்கு அதிக ஆபத்து நேரவில்லை என்று தெரிந்த பிறகுதான் நிம்மதி அடைந்தார்கள். ஒட்ட வேண்டியது பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே, மருந்து தொடங்குவதற்கு முன்பே ஒட்டிவிடுகிறது என்பதும் தெரிந்தது.

இன்னொரு விஷயம். மருந்து அந்தக் காலத்தில் தினமும் நிறையச் சாப்பிட வேண்டியிருந்தது, வயிற்றைப் புரட்டும். சிலர் வாங்கிப் போய் வைத்துக்கொண்டு, சாப்பிடாமலே இருந்துவிடுவார்கள். நிலையத்தார் முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்கு வந்து மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைப் பரிசோதித்தார்கள். உண்மை வெளியாயிற்று. வேறு யாராவது இருந்தால், "படிக்காத ஜனங்கள், இவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் இப்படித்தான்" என்று கையை உதறியிருப்பார்கள். இவர்களோ, மனிதர்கள் சாப்பிட முடியாத மருந்தைக் கொடுத்துவிட்டு மனிதர்களைக் குறை சொல்வதில் பயனில்லை என்று, வாரத்துக்கு இரண்டு தடவை நேரில் வந்து மருந்து எடுத்துக்கொண்டால் போதுமா என்று அடுத்த ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். போதும் என்று 1964இல் தெரிவித்தார்கள். கண் முன்னால் மருந்து கொடுக்கும் முறை பிற்பாடு உலகெங்கும் பரவியதற்கு இது ஒரு வித்து. அந்த நிலையம் இன்றைக்கும் சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருக்கிறது.

இது வெற்றிக் கதை. வெற்றி வந்தால் அதை உரக்கச் சொல்ல யாருக்கும் தயக்கம் இராது. தோல்வி வந்தால்? அங்கேதான் பொன் வட்டில் வருகிறது.

பி.ஸி.ஜி. ஊசி உங்களுக்குத் தெரியும். உங்கள் இடது தோளில் ஒரு தழும்பு இருந்தால் அது அந்த ஊசி வைத்த முத்திரைதான். 1948 முதல் நம் நாட்டில் அதைப் போடத் தொடங்கினார்கள். பிறகு கோடிக்கணக்கான பேருக்குப் போட்டார்கள். இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்ததில் நூற்றுக்கு எண்பது பங்கு பாதுகாப்பு தருவதாகத் தெரிந்தது. வேறு சில இடங்களில் அவ்வளவு பலன் தெரியவில்லை. நம்மவர்களுக்கு எவ்வளவு தூரம் பயன்படும் என்பதைச் சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ள, 1968இல் செங்கல்பட்டு ஜில்லாவில் மாபெரும் பரீட்சை ஒன்று ஆரம்பமாயிற்று. காஞ்சிபுரமும் கூரமும் அன்று அந்த ஜில்லாவைச் சேர்ந்தவைதான். பரீட்சை நடந்தது திருவள்ளூர் வட்டாரத்தில். 209 கிராமங்களும் ஒரு பட்டணமும் அதில் சேர்ந்திருந்தன. 1971க்குள் 2,81,161 பேருக்கு ஊசி போட்டார்கள். சிலருக்கு நிஜமான பி.ஸி.ஜி.; சிலருக்கு வெறும் ஊசி. எது யாருக்கு என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. இதற்கும் அதே குடவோலை நியாயந்தான். பிறகு பல வருஷங்கள் வீடு வீடாகப் போய், எக்ஸ்ரே எடுத்து, சளியைப் பரிசோதித்து, கணக்கு வைத்தார்கள்.

1979இல் முதல் அறிக்கை வந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை இந்த ஊசி தடுக்கவில்லை! நிஜ ஊசிக்காரர்களுக்கும் வெறும் ஊசிக்காரர்களுக்கும் வித்தியாசம் காணோம்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். முப்பது வருஷமாக நாடு நம்பிவந்த ஊசி அது. சர்க்காருக்குச் சங்கடம், உலக ஸ்தாபனங்களுக்குச் சங்கடம், பத்து வருஷத்துக்கு மேலாக வெயிலில் கிராமம் கிராமமாக அலைந்த ஆராய்ச்சியாளர்களுக்கும் ஏமாற்றம். "கணக்கில் ஏதோ தவறு இருக்கும், அப்புறம் பார்க்கலாம்" என்று அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கலாம். பூட்டவில்லை. உலகம் அறியப் பிரசுரித்தார்கள். அதோடு விடாமல் பதினைந்து வருஷம் வரை தொடர்ந்து பார்த்து, அந்த முழுக் கணக்கையும் 1999இல் வெளியிட்டார்கள். அதிலும் குழந்தைகளிடம் சொற்பப் பாதுகாப்பு தெரிந்ததே தவிர, மொத்தத்தில் முடிவு மாறவில்லை.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் என் பேரனுக்குப் பி.ஸி.ஜி. வேண்டாமா?" என்று பதறாதீர்கள். கட்டாயம் போட வேண்டும். பச்சைக் குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் க்ஷயத்தையும், உடம்பெங்கும் பரவும் கொடிய க்ஷயத்தையும் அது தடுக்கிறது என்று வேறு ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. பிறந்ததுமே அந்த ஊசி போடுவது அதற்காகத்தான். செங்கல்பட்டுப் பரீட்சை சொன்னது, அதை மட்டும் நம்பிப் பெரியவர்களின் நோயை ஒழித்துவிட முடியாது என்பதை. இருமல் வந்தவரைக் கண்டுபிடித்து மருந்து கொடுப்பதே முக்கியம் என்பது அதனால் இன்னும் தெளிவாயிற்று. கசப்பான உண்மைக்கும் இப்படி ஒரு பயன் உண்டு.

ஆராய்ச்சியாளர் மடியில் எத்தனையோ கனம் இருக்கலாம். பணம் கொடுத்த கம்பெனியின் ஆசை, பதவி உயர்வு, "நான் சொன்னது பலிக்க வேண்டும்" என்ற கௌரவம் எல்லாம் கனந்தான். அதை மறைத்து வைத்துக்கொண்டு வழி நடப்பவருக்கு உண்மையைச் சொல்லப் பயம் வரும். அவர் அதைத் தூர எறிய வேண்டும். எறிய முடியாவிட்டால், "என் மடியில் இது இருக்கிறது" என்று வெளிப்படையாகவாவது சொல்லிவிட வேண்டும்.

எல்லா ஆராய்ச்சியும் இப்படி நேராக நடந்துவிடவில்லை. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் ஜில்லாவிலும் குஜராத்தில் வடோதராவிலும், பத்து முதல் பதினான்கு வயதுச் சிறுமிகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை ஓர் ஆராய்ச்சித் திட்டத்தின் கீழ் போட்டார்கள். சில சிறுமிகள் இறந்தார்கள் என்று செய்தி வந்தது. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. விசாரித்ததில், மரணங்களுக்கு ஊசி காரணமல்ல என்றே தெரிந்தது. ஆனால் வேறொன்றும் வெளியாயிற்று. விடுதியில் தங்கிப் படித்த பெண்களுக்காகப் பல இடங்களில் சம்மதக் கையெழுத்துப் போட்டது பெற்றோர் அல்ல, விடுதி வார்டன்! பார்லிமெண்ட் கமிட்டி ஒன்று 2013இல் இதை வன்மையாகக் கண்டித்தது.

ஊசி நல்ல ஊசிதான். இருந்தும் கேட்க வேண்டியவர்களைக் கேட்காமல் போட்டதால், நல்ல ஊசியின் மேலேயே ஜனங்களுக்குச் சந்தேகம் விழுந்தது. மலையடிவாரத்தில் கூலி வேலை செய்யும் தாய்க்குக் கையெழுத்துப் போடத் தெரியாமல் இருக்கலாம். தன் பெண் யாருடைய பெண் என்பது தெரியுமல்லவா?

இன்றைக்கு விதிகள் இருக்கின்றன. 1964இல் ஹெல்சிங்கி நகரத்தில் உலக மருத்துவர் சங்கம் செய்த பிரகடனம் ஒன்று. நம் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017இல் திருத்தி வெளியிட்ட நெறிமுறைகள். 2019இல் வந்த புதிய மருந்துப் பரிசோதனை விதிகள். எந்த ஆராய்ச்சியையும் தொடங்குமுன் ஒரு நெறிமுறைக் குழு அதைப் பார்த்து அனுமதிக்க வேண்டும். அந்தக் குழுவில் டாக்டர்கள் மட்டும் இருந்தால் போதாது. சட்டம் தெரிந்தவரும், நம்மைப் போன்ற சாமானியர் ஒருவரும் இருக்க வேண்டும். மருந்துப் பரிசோதனை என்றால், என்ன செய்யப் போகிறோம், எதை அளக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இதற்கென்று இந்தியாவில் 2007இல் ஒரு பதிவேடு ஏற்பட்டது. 2009 ஜூன் முதல் கட்டாயமாயிற்று. யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம்.

இதுவும் கூரத்துக்குப் புதிதல்ல. பல்லவ மன்னன் பரமேசுவரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் அங்கே சிவன் கோயிலுக்கு ஒரு கிராமத்தைக் கொடுத்தபோது, அதை 25 பங்காக்கி, பூஜைக்கு இவ்வளவு, மண்டபத்தில் தண்ணீருக்கும் நெருப்புக்கும் இவ்வளவு, பாரதம் படிப்பதற்கு இவ்வளவு என்று செப்பேட்டில் வெட்டி வைத்தான். செம்பில் வெட்டியதைப் பிற்பாடு சௌகரியம்போல் மாற்ற முடியுமா? ஆராய்ச்சியை முன்கூட்டிப் பதிவு செய்வதும் அப்படித்தான். அம்பு விழுந்த இடத்தில் அப்புறம் போய் வட்டம் போட முடியாது.

சரி, வாசலில் அந்த இரண்டு பேரும் நின்றுகொண்டே இருக்கிறார்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். பிறகு கூச்சப்படாமல் கேளுங்கள்.

எந்த நிறுவனத்திலிருந்து வருகிறீர்கள்? எதைத் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்? இதனால் எங்களுக்கு என்ன லாபம், என்ன கஷ்டம்? ஏதாவது தீங்கு நேர்ந்தால் வைத்தியச் செலவும் ஈடும் யார் தருவார்கள்? எங்கள் பெயரும் நோயும் வெளியே போகாதே? யார் பணம் கொடுக்கிறார்கள்? நெறிமுறைக் குழு அனுமதித்த கடிதம் உண்டா? முடிவு தெரிந்ததும் எங்களுக்குச் சொல்வீர்களா?

தமிழில் அச்சடித்த விவரத் தாளை வாங்கிப் படியுங்கள். ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். "இன்று வேண்டாம், வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறேன்" என்று சொல்ல உங்களுக்குப் பூரண உரிமை உண்டு. சேர்ந்த பிறகு நடுவில் விலகிக்கொள்ளவும் உரிமை உண்டு. விலகினீர்கள் என்பதற்காக ஆஸ்பத்திரியில் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய வைத்தியத்தை யாரும் நிறுத்தக் கூடாது. பெண்ணுக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை என்றால் உங்கள் சம்மதம் வேண்டும். ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தையானால் அதனிடமும் புரியும்படி சொல்லி, அதன் இசைவையும் கேட்க வேண்டும். நல்ல ஆராய்ச்சியாளர் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார். சுளித்தால், வாசல் வரை கொண்டுவிட்டு வழியனுப்பிவிடுங்கள்.

நம் பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது. சம்மதித்த பிறகு உண்மையைச் சொல்ல வேண்டும். "எங்கள் வீட்டில் யாருக்கும் இருமலே கிடையாது" என்று பெருமைக்காகச் சொல்லிவிட்டு, உள்ளே மாமனார் இருமுவதைக் கதவைச் சாத்தி மறைப்பதில் என்ன லாபம்? பெண்ணுக்கு வரன் பார்க்கிறோமே என்ற பயம் நியாயந்தான். அதனால்தான் ரகசியத்தைக் காப்பாற்றும் பொறுப்பு ஆராய்ச்சியாளருக்கு இருக்கிறது. அதை உறுதி செய்துகொண்டு உண்மையைச் சொல்லுங்கள். பொய்க் கணக்கில் பிறக்கும் மருந்து யாருக்கும் உதவாது.

அன்றைக்குச் சென்னையில் பெயர் தெரியாத 193 பேர் ஓர் ஆராய்ச்சிக்குத் தங்களைக் கொடுத்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் ஐந்து வருஷம் குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பரிசோதனைக்கு வந்து போனார்கள். அதன் பலனாக, இன்றைக்குக் க்ஷயம் கண்ட ஒரு தாய் பெரும்பாலும் தன் வீட்டிலேயே, தன் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே குணமாகிறாள். அடுத்த தடவை யாராவது பையோடு வாசலில் வந்து நின்றால் அந்தப் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியதை எல்லாம் கேளுங்கள். மனத்துக்குத் திருப்தியானால் கையை நீட்டுங்கள்.